முத்திரை உடையாத கட்டு

தானியேல் நூலின் 14ஆம் அதிகாரத்தை நம் இல்லங்களில் எடுத்து வாசிப்போர் குறைவு. பிரிந்த சபையினரின் விவிலியத்தில் அப்பகுதி சேர்க்கப்படுவதில்லையாதலால், அது நமக்கென்றே வாய்த்த ஒரு செல்வம் எனலாம். பாபிலோனில் பேல் என்னும் சிலைக்கு நாள்தோறும் 12 அளவை மாவும், 40 ஆடுகளும், 6 குடம் திராட்சை இரசமும் படைக்கப்பட்டு வந்தன. விடியும்போது ஒன்றும் மிஞ்சியிராது. தெய்வமே உண்கிறது என்று நம்பினான் சைரசு மன்னன், தானியேல் நகைத்தார். சோதித்துப் பார்க்க முடிவு செய்தனர். படையலை வைத்துக் கதவைச் சாத்தி அரச முத்திரையும் பதித்தனர். மறுநாள் காலை முத்திரை உடைந்திருக்கவில்லை; உணவு மட்டும் இல்லை. மன்னன் வியந்து பேலைப் போற்றத் தொடங்கினான். தானியேலோ அவனை உள்ளே கால் வைக்க விடாமல் தடுத்துத் தரையைப் பார்க்கச் சொன்னார். கதவு மூடப்படுமுன் அவர் ஆலயத் தரையெங்கும் சாம்பலைத் தூவச் செய்திருந்தார். அச்சாம்பலில் ஆடவர், பெண்டிர், சிறுவர் ஆகியோரின் அடிச்சுவடுகள் பதிந்திருந்தன. 70 பூசாரிகளும் தம் குடும்பத்தாரோடு இரவில் வந்து செல்லும் மறைவாசல் வெளிப்பட்டது.

தடயங்களைக் கொண்டு உண்மையைக் காணும் கலைக்கு இதனினும் தெளிவான பழைய எடுத்துக்காட்டு வேறெங்கும் உண்டோ என்பது ஐயமே. இதை நாம் இங்கு நினைவூட்டக் காரணம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. நம் ஊர்களில் சிலுவைப்பாதையும் திருச்சிலுவை ஆராதனையும் முடிந்து மக்கள் வீடு திரும்பியிருந்த இரவு வேளையில், கணிப்பொறிகளைக் காப்போர் படிக்கும் பொது அஞ்சல் பட்டியல் ஒன்றில் ஒரு நீண்ட கடிதம் வெளியாயிற்று. முத்திரை உடையாத ஒரு கட்டின் அடியில் மறைவாசல் இருப்பதை அக்கடிதம் சான்றுகளுடன் காட்டிற்று. அந்தக் கட்டை எவ்வாறு பிரித்துப் பார்த்தார்கள், அதைக் கட்டியவர் யார், அவர் உள்ளே நுழைந்த வழி எது என்பதை நம் குடும்பங்களும் அறிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம்.

சுருக்கிக் கட்டுதல்

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணிப்பொறியில் ஒரு கடிதமோ படமோ கணக்கோ தனித்தனிக் கோப்பாக இருக்கிறது. பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து, இடம் குறையுமாறு நெருக்கிக் கட்டினால் அது சுருக்கக் கோப்பு ஆகிறது. அலுவலகங்களில் ‘ஜிப்’ என்று அழைப்பது இவ்வகையுள் ஒன்றையே.

நெருக்குவது எப்படி? நம் செப நூல்களில் மன்றாட்டு மாலை அச்சிடப்பட்டிருக்கும் முறையைப் பாருங்கள். புனிதர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். மக்கள் சொல்லும் பதிலுரையோ முதல் சில வரிகளில் மட்டும் முழுமையாக இருக்கும். பின்னர் ஒரு குறியோ வெற்றிடமோதான். ஆயினும் எவரும் பதிலுரையைச் சொல்லத் தவறுவதில்லை. பத்திர எழுத்தர் ‘மேற்படி’ என்று எழுதி முழு விலாசத்தையும் குறித்துவிடுவதும் இதே உத்திதான். திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை எழுதி, மற்ற இடங்களில் ‘மேலே பார்’ என்று சுட்டிவிட்டால் நூறு பக்கம் இருபது பக்கமாகும். விரிக்கும்போது ஓர் எழுத்தும் குறையாமல் பழைய நூறு பக்கமும் வந்துவிடும்.

இதில் ஓர் இடர் உண்டு. நெருக்கிய கோப்பைக் கண்ணால் படிக்க முடியாது. பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றும். நல்லதும் தீயதும் அந்நிலையில் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே மறைக்க விரும்புவோனுக்கு அது வசதியான இடமாகிறது.

இவ்வாறு சுருக்கவும் விரிக்கவும் உதவும் மென்பொருள்களுள் ஒன்று எக்ஸ்.இசட். யூட்டில்ஸ். பின்லாந்து நாட்டைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின் என்பவர் அதைப் பல்லாண்டுகளாகப் பேணி வந்தார். ஊதியம் இல்லை; விருப்பப் பணி. அம்மென்பொருளை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் உள்ளமைப்பு முழுவதும் எவரும் படிக்கும்படி பொதுப் பதிவேடு ஒன்றில் திறந்து வைக்கப்பட்டிருக்கும். உலகின் சர்வர்களில் பெரும்பகுதியை இயக்கும் லினக்ஸ் அமைப்பில் அது இடம் பெற்றிருந்தது. வங்கி, மருத்துவமனை, பயணச்சீட்டு என்று நாம் கைபேசியில் தட்டும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இத்தகைய சர்வர்கள் உழைக்கின்றன. நம் வாசகர்களுள் எவரும் அந்த மென்பொருளின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். கோயிலின் அடித்தளக் கல்லை யார் பார்த்திருக்கிறார்கள்?

அரை வினாடி

ஆந்திரேஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றுபவர். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோருள் ஒருவர். அவர் துப்பறிவாளர் அல்லர். தாம் பாதுகாப்புத் துறை ஆய்வாளர் அல்லர் என்று அக்கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். தம் மென்பொருளின் வேகத்தை நுட்பமாக அளப்பதற்காக, கணிப்பொறியில் வேறு வேலை எதுவும் நடவாமல் அமைதிப்படுத்த முயன்றார். அப்போது, தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைவோரைச் சோதித்து அனுமதிக்கும் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் வாயிற்காவல் மென்பொருள் அளவுக்கு மீறி உழைப்பதைக் கண்டார். இணையத்தில் உலவும் தானியங்கிகள் இல்லாத பெயர்களைச் சொல்லிக் கதவைத் தட்டுவதும், காவலன் அவற்றைத் திருப்பி அனுப்புவதும் எந்நாளும் நடப்பவை. திருப்பி அனுப்புவதற்கு ஏன் இத்தனை உழைப்பு?

அளந்து பார்த்தார். முன்பு 0.299 வினாடியில் முடிந்த செயலுக்கு இப்போது 0.807 வினாடி ஆயிற்று. வேறுபாடு அரை வினாடி. நம்மில் எவரும் இதைப் பொருட்படுத்தமாட்டோம். அவர் பொருட்படுத்தினார். அந்தக் கூடுதல் நேரம் எங்கே செலவாகிறது என்று தேடியபோது, அது எக்ஸ்.இசட். மென்பொருளின் துணைப் பகுதிக்குள் செலவாவது தெரிந்தது. வாயிற்காவலனுக்கும் கோப்புச் சுருக்கும் கருவிக்கும் என்ன தொடர்பு? மேலும், நேரம் செலவாகும் இடத்திற்கு எந்தப் பெயரும் இல்லை. ஒழுங்காக எழுதிய மென்பொருளில் ஒவ்வொரு செயலுக்கும் பெயர் இருக்கும். இங்கே பெயரில்லாத ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனைக் கருவி அதே பகுதியைப் பற்றி விளங்காத குறை ஒன்றைக் கூறியிருந்ததும் அவர் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

முதலில் அவர் ஐயுற்றது தம் கணிப்பொறியில் இருந்த டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை. அங்கே எவரோ புகுந்து கெடுத்துவிட்டனர் என்று எண்ணினார். தேடத் தேட, கேடு அதற்கும் மேலே, ஊற்றிலேயே கலந்திருப்பது தெரிந்தது.

கட்டைப் பிரித்தல்

இனி அந்தக் கட்டினுள் இருந்ததைப் பார்ப்போம். ஐயத்துக்குரிய சுருக்கக் கோப்பை ஆராய்வோர் முதலில் கடைப்பிடிக்கும் நெறி, அதை இயக்காமல் பார்ப்பது. பாம்புக்கூடையைத் திறவாமல் எடை பார்ப்பதற்கு ஒப்பானது இது. மூலத்தைத் தொடாமல் ஒரு படி எடுத்துக்கொள்வார்கள். அதற்குரிய ‘கைரேகை’யைக் கணக்கிட்டு எழுதி வைப்பார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 எழுத்துக்களாலான ஓர் அடையாளம் கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். பின்னர், பிற கணிப்பொறிகளோடு தொடர்பற்ற தனிக் கணிப்பொறியில் வைத்து, உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பெயருக்கேற்ற பொருள்தானா என்று நோக்குவார்கள். கடைசியாக, கட்டில் இருப்பதும் பொதுப் பதிவேட்டில் இருப்பதும் ஒத்திருக்கின்றனவா என்று வரிக்கு வரி ஒப்பிடுவார்கள்.

இந்தக் கடைசி ஒப்பீட்டில்தான் திருடன் அகப்பட்டான். எக்ஸ்.இசட். மென்பொருளின் 5.6.0 பதிப்பு 2024 பிப்ரவரி 24 அன்றும், 5.6.1 பதிப்பு மார்ச் 9 அன்றும் வெளியாயின. இரண்டின் வெளியீட்டுக் கட்டுகளிலும், பதிவேட்டில் இல்லாத மாற்றம் ஒன்று இருந்தது. மென்பொருளைக் கட்டியெழுப்ப உதவும் துணைக் கோப்பு ஒன்றில் நுழைக்கப்பட்ட ஒரு வரி அது. இத்தகைய துணைக் கோப்புகளைக் கட்டும்போது கருவிகளே உண்டாக்கிச் சேர்ப்பது நெடுநாள் வழக்கமாதலால், வேறுபாடு இருப்பதைக் கண்டாலும் ‘வழக்கமானதே’ என்று கடந்து போய்விடுவார்கள். பதிவேட்டைப் படிப்பவர் கட்டைப் பிரிப்பதில்லை; கட்டை வாங்குபவர் பதிவேட்டைப் படிப்பதில்லை. இந்த இடைவெளியை அறிந்த ஒருவரே அந்த வரியை அங்கே வைத்திருக்க முடியும்.

அந்த வரி செய்தது என்ன? எக்ஸ்.இசட். மென்பொருளுடன் சில சோதனைக் கோப்புகளும் வைக்கப்பட்டிருக்கும். விரிக்கும் கருவி பழுதான கோப்பைக் கண்டால் தடுமாறாமல் நிற்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட கோப்புகளும் அவற்றுள் உண்டு. ‘கெட்டது’ என்று பெயரிலேயே எழுதியிருக்கும் கோப்பை விரித்துப் பார்க்க எவருக்குத் தோன்றும்? அந்த வரி அவற்றுள் ஒன்றை எடுத்தது. அதிலே வெற்றிடக் குறியும் தாவல் குறியும் இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்தன. சிறுகோடும் அடிக்கோடும் அவ்வாறே. நான்கு குறிகளை மீண்டும் தத்தம் இடத்தில் வைத்ததும், பழுதானது எனப்பட்ட கோப்பு நோயின்றி எழுந்து நின்றது. அதனுள் ஒரு கட்டளைத் தொகுப்பு இருந்தது.

அக்கட்டளை ‘நல்லது’ என்று பெயரிட்ட இன்னொரு சோதனைக் கோப்பைத் திறந்தது. அதில் 1024 எழுத்துக்களைத் தள்ளு, 2048 எழுத்துக்களை எடு, மறுபடி தள்ளு, மறுபடி எடு என்று பதரையும் மணியையும் பிரிப்பது போல் பிரித்தது. கிடைத்ததை மறைமொழியிலிருந்து மாற்றி, மீண்டும் விரித்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி. கடைசிப் பெட்டியில், இயக்குவதற்கு ஆயத்தமான நிலையில் அந்நிய மென்பொருள் ஒன்று படுத்திருந்தது.

அது எல்லாக் கணிப்பொறியிலும் விழிப்பதில்லை. இன்ன வகை எந்திரமா, லினக்ஸ்தானா, பெரிய தொகுப்புகளுக்காகக் கட்டப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். விழித்த பின்னும், தான் வாயிற்காவல் மென்பொருளுக்குள்தான் இருக்கிறேனா, எவரேனும் ஆய்வுக் கருவி வைத்துத் தன்னைப் பார்க்கிறார்களா என்று சோதிக்கும். பார்ப்பது தெரிந்தால் அடங்கிவிடும். மேசைக்கடியில் மறைவாசல் வைத்த பூசாரிகள்கூட இவ்வளவு எண்ணியிருக்கமாட்டார்கள்.

சுருக்கும் கருவி வாயிற்காவலனிடம் சென்றடைந்த வழியும் இப்போது விளங்கிற்று. டெபியன், ஃபெடோரா போன்ற சில தொகுப்புகளில் காவலனுக்கு வேறொரு துணை மென்பொருளை இணைத்திருந்தார்கள், அத்துணைக்கு எக்ஸ்.இசட். துணையாக இருந்தது. உறவினரின் உறவினராக வந்தவர் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டது போல, அந்நிய மென்பொருள் காவலன் சாவிகளைச் சரிபார்க்கும் செயலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வருவோர் ஒவ்வொருவரும் காட்டுவதை உற்றுநோக்கியது. இரகசியத் திறவுகோல் ஒன்றினால் ஒப்பமிட்ட செய்தி வந்தால், கடவுச்சொல் கேளாமலே அந்தச் செய்தியிலுள்ள கட்டளையை நிறைவேற்றும். அத்திறவுகோல் உலகில் ஒரே தரப்பிடம்தான் இருந்தது. மற்றத் திருடர்கள் இந்த வாசலைக் கண்டுபிடித்தாலும் பயனில்லை. ஆபத்தின் அளவைக் குறிக்கும் அனைத்துலகப் பட்டியலில் இதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் இடப்பட்டது.

நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது முத்திரை பற்றிய செய்தி. அந்த இரு கட்டுகளிலும் முறையான மின்னொப்பம் இருந்தது. கைரேகை பொருந்தியது. ஐயம் கொண்டு சரிபார்த்த எவருக்கும் ‘சரி’ என்ற விடையே கிடைத்திருக்கும். கட்டியவரே கள்வராக இருந்தால், அவர் இட்ட முத்திரை அவர் கட்டியதைத்தானே உறுதிப்படுத்தும்? சைரசு மன்னன் பார்த்தது முத்திரையை. பிராய்ண்ட் பார்த்தது சாம்பலை.

வீட்டிற்கு வரும் கட்டுகள்

இவ்வளவு நுட்பமான ஒன்றை நம் இல்லங்களில் எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. ஆயினும் நம் கைபேசிகளுக்கு வரும் சிறு கள்வர்கள் இதே வழிகளைத்தான் முரட்டுத்தனமாகப் பின்பற்றுகிறார்கள். திருமண அழைப்பிதழ் என்றும், வங்கி அறிவிப்பு என்றும் பெயர் சூட்டி ‘ஏ.பி.கே.’ என முடியும் கோப்பை அனுப்புகிறார்கள். அது அழைப்பிதழ் அன்று. கைபேசியில் குடியேறும் மென்பொருள். உள்ளமைப்பில் அதுவும் ஒரு ஜிப் கட்டே. ஜிப் கட்டுகளின் முதலிரண்டு எழுத்துக்கள் ‘பி’, ‘கே’ என்றிருக்கும். 1989இல் அம்முறையை வகுத்த பில் காட்ஸ் என்பவருடைய பெயரின் முதலெழுத்துக்கள் அவை. பெயரை எப்படி மாற்றினாலும் அந்த இரண்டு எழுத்துக்கள் உள்ளே இருந்து காட்டிக்கொடுக்கும்.

கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கட்டையும், அதே கடிதத்தில் அதன் கடவுச்சொல்லையும் சேர்த்து அனுப்புவது இன்னொரு தந்திரம். பூட்டும் சாவியும் ஒரே உறையில் வருவானேன்? அஞ்சல் வழியில் நிற்கும் சோதனை மென்பொருள்கள் பூட்டைத் திறந்து உள்ளே பார்க்க முடியாமற் செய்வதற்கே. படம் போலப் பெயர் தொடங்கி, கடைசியில் ‘ஈ.எக்ஸ்.ஈ.’ என்று முடிவதும் அவ்வகையே. இத்தகையவை வந்தால், அனுப்பியவராகக் காட்டப்படுபவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் குரலில் கேட்டறிவதே போதும். பணம் பறிபோயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வந்த செய்தியை அழித்துவிடக் கூடாது. சாம்பலைப் பெருக்கிவிட்டால் சுவடு தெரியாது. தவறுதலாகத் திறந்துவிட்ட முதியவரையோ பிள்ளையையோ கடிந்துகொள்ளும் வீட்டில், அடுத்த முறை அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

கட்டியவர்

இனி, கதையின் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருகிறோம். அந்தக் கட்டுகளில் ஒப்பமிட்ட பெயர் ஜியா டான். 2021இல் அப்பெயர் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் எக்ஸ்.இசட். மென்பொருளுக்குச் சிறு திருத்தங்கள் வரத் தொடங்கின. பயனுள்ள திருத்தங்கள், பணிவான கடிதங்கள். தனியாக உழைத்துவந்த கோலினுக்கு ஓர் உதவிக் கை கிடைத்தது.

2022இல் வேறு சில பெயர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. நம் நாட்டுப் பெயர் போல் தோன்றும் ஜிகர் குமார் என்பதும் அவற்றுள் ஒன்று. வேலை நடக்கவில்லை, திருத்தங்கள் கிடப்பில் கிடக்கின்றன, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவை நெருக்கின. அவ்வாண்டு ஜூன் மாதம் கோலின் பொது அஞ்சலிலேயே விடை எழுதினார். தமக்கு ஆர்வம் போய்விடவில்லை என்றும், நெடுநாளாக மனநலம் சீராக இல்லாததால் இயன்றது குறைவாயிருக்கிறது என்றும், இது ஊதியமற்ற விருப்பப் பணி என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டார். ஜியா டான் வருங்காலத்தில் பெரிய பொறுப்பு ஏற்கக்கூடும் என்றும் அதே தொடரில் எழுதினார். நெருக்கிய பெயர்களுக்கு அதற்கு முன்னும் பின்னும் வரலாறு எதுவும் இல்லை. ஒரே கூட்டத்தார் அணிந்த முகமூடிகள் அவை என்றே ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். ஒருவர் கைகொடுக்க, மற்றவர் அடித்துத் துரத்த, களைத்தவர் கைகொடுத்தவர் பக்கம் சாய்வது இயல்பு. பின்னர் பதிவேட்டில் தாமே எழுதும் உரிமையும், 2023இல் வெளியீட்டுக் கட்டுகளைத் தயாரிக்கும் பொறுப்பும் ஜியா டானுக்குக் கிடைத்தன.

அந்த விடைக் கடிதத்தை நாம் எண்ணிப் பார்க்கிறோம். உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒன்றைத் தனித்துத் தாங்கிக்கொண்டிருந்தவர், தமக்கு இயலவில்லை என்று எல்லோரும் படிக்கும் இடத்தில் சொன்னார். அதைப் படித்த நல்லவர்கள் கடந்து போனார்கள். தீயவர் ஒருவர் மட்டும் நின்று உதவினார். நம் பங்குகளிலும் நாற்பது ஆண்டு மணியடித்த கோயில்பிள்ளையும், பாடகர் குழுவை ஒற்றை ஆளாய் நடத்தும் ஆசிரியையும், கணக்கேட்டைச் சுமக்கும் முதியவரும் இருக்கிறார்கள். திருவிழா ஒலிபெருக்கி சரியில்லை என்று அவர்களிடம் குறை கூற நமக்குத் தெரியும். உடன் நிற்க ஆள் தேடும்போது மட்டும் நமக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

உரிமை பெற்ற பின்னும் ஜியா டான் அவசரப்படவில்லை. 2023 ஜூலையில், கூகுள் நடத்தும் தானியங்கிச் சோதனையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்குமாறு கேட்டு, அதையும் பெற்றார். 2024 பிப்ரவரியில் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் அந்தப் பெட்டிகளைச் சேர்த்தார். அதே வாரத்தில் இன்னொன்றும் செய்தார். தாக்குதலால் நேரும் கேட்டைக் குறைக்கும் தடுப்பு வசதி ஒன்று அம்மென்பொருளில் உண்டு. கணிப்பொறி அவ்வசதிக்கு இடம் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைப் பகுதியில், ஒரு வரியின் தொடக்கத்தில், தனியாக ஒரு முற்றுப்புள்ளியை வைத்தார். அந்தப் புள்ளியால் அச்சோதனை எங்கும் தோல்வியே அடையும். தடுப்பு வசதி சத்தமின்றி அணைந்துவிடும். படிப்பவர் கண்ணுக்கு அது திரையில் ஒட்டிய தூசு போலிருக்கும்.

புதிய பதிப்பைத் தொகுப்பாளர்கள் விரைவில் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தும் கடிதங்களும் சென்றன. சோதனைக் கருவி கண்ட குறையை வேறொரு மென்பொருளின் பிழையாகக் காட்டி, மார்ச் 9ஆம் நாள் பதிப்பில் அதை மறைத்தார்கள். டெபியனின் சோதனைப் பிரிவுகள், ஃபெடோரா 40இன் முன்னோட்டப் பதிப்பு, ஓபன்சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ் ஆகியவற்றில் கெட்ட கட்டு நுழைந்துவிட்டது. வங்கிகளும் மருத்துவமனைகளும் பயன்படுத்தும் நிலைத்த பதிப்புகளை அது இன்னும் எட்டியிருக்கவில்லை. அவற்றை எட்டியிருந்தால், திறவுகோல் வைத்திருந்தவருக்கு எண்ணற்ற சர்வர்களின் கதவு திறந்திருக்கும். சில மாதங்களே இடையில் இருந்தன.

மார்ச் 28ஆம் நாள், பெரிய வியாழனன்று, பிராய்ண்ட் டெபியன் காவலர்களுக்கும் பிற தொகுப்பாளர்களுக்கும் இரகசியமாகத் தெரிவித்தார். மறுநாள் பொதுவில் எழுதினார். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு அன்றே பழைய 5.4.6 பதிப்புக்குத் திரும்புமாறு அறிவுரை வழங்கிற்று. உயிர்ப்புப் பெருவிழாவுக்காக விடுமுறையில் இருந்த பொறியாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஜியா டான் என்ற பெயரிலிருந்து அதன்பின் ஒரு சொல்லும் இல்லை. பதிவேட்டிலுள்ள நேரக் குறிப்புகளில் பெரும்பாலானவை கிழக்காசிய நேரத்தையும், ஒரு சில கிழக்கு ஐரோப்பிய நேரத்தையும் காட்டுகின்றன. இதைக்கொண்டு இன்ன நாட்டவர் என்று தீர்ப்புக் கூறுவோரும் உளர். இரண்டரை ஆண்டுகள் பொறுமையாக நடித்த ஒருவர் கடிகாரத்தை மட்டும் உண்மையாக வைத்திருப்பார் என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை. அவர் ஒருவரா, ஒரு குழுவா என்பதும் பொதுவில் நிறுவப்படவில்லை.

கிட்ஹப் தளம் அந்தப் பதிவேட்டை மூடியது. ஜியா டானின் கணக்கோடு கோலினின் கணக்கையும் முடக்கியது. பின்னர் பதிவேடும் கோலினின் கணக்கும் மீளத் தரப்பட்டன. கோலினைக் குற்றம் சாட்டியவர்களைக் காட்டிலும் அவருக்காகப் பரிந்து பேசியவர்களே அதிகம் என்பது நமக்கு ஆறுதல் அளிக்கிறது.

மார்ச் 30, பெரிய சனிக்கிழமை. பின்லாந்தில் கோலின் பதிவேட்டைத் திறந்து அமர்ந்தார். அன்று அவர் செய்து முடித்த வேலைகளுள் ஒன்று, நாசவேலையால் கெட்டதைச் சீர்செய்ததாகக் குறிப்பெழுதி, அந்த ஒற்றைப் புள்ளியை நீக்கியது. அடுத்த இரண்டு மாதங்கள் ஜியா டான் விட்டுச் சென்றவற்றைத் துருவிப் பார்த்தார். மே 29ஆம் நாள் 5.6.2 பதிப்பு வெளிவந்தது. அந்தக் கட்டில் ஒப்பமிட்டவர் கோலின்.